ஸ்விஃப்ட்டுக்குக் கோன் ஃபில்டர் போட்டால் 10 குதிரைத்திறன் கூடுமா?

திருப்பூர்_ஸ்விஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல், மேனுவல் கியர். 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, நான் இரண்டாவது ஓனர். வண்டியில் பெரிய குறை எதுவும் இல்லை. நாலு பேர் ஏறி ஏசியும் போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறினால்தான் மூச்சு வாங்குகிறது.

ஒரு ஆக்சசரீஸ் கடையில் கேட்டேன். "இஞ்சினுக்குப் போற காற்றை வடிகட்டுற ஒரிஜினல் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, டப்பா இல்லாம திறந்து நிற்கிற கூம்பு வடிவக் கோன் ஃபில்டரும் அலுமினியக் குழாயும் மாட்டிக்கோங்க. 10-லிருந்து 12 குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஒன்று ஒன்றரை ஏறும்" என்றார். விலை 14,500, மாட்டுக்கூலி தனி. பழைய டப்பாவுக்குள்ளேயே உட்காருகிற, கழுவிக் கழுவிப் போடும் காட்டன் ஃபில்டரும் ஒன்று காட்டினார். அது ஐயாயிரத்துச் சொச்சம்.

காசு சும்மா வரவில்லை, பனியன் கம்பெனிச் சம்பளம். போட்டுப் பார்த்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

சேலம்_சத்தம்:

நான் போட்டிருக்கிறேன் ப்ரோ, இரண்டு வருடம் ஆகிறது. வேறு வண்டி, ஆனால் இதே மாதிரி கோன்தான். 4000 ஆர்பிஎம் தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு உறுமல் வரும் பாருங்கள், அதற்காகவே ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் தேவையில்லாமல் கியர் குறைப்பேன். பவர் கூடியதா என்றால், கூடிய மாதிரி இருக்கிறது. ஆனால் நண்பனின் சாதா வண்டியோடு பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாகத்தான் போயின. மைலேஜ் அரை கிலோமீட்டர் குறைந்தது. அது ஃபில்டரின் குற்றமா என் காலின் குற்றமா என்று வீட்டில் கேட்காதவரை நல்லது.

சத்தம் பிடித்தால் போடுங்கள். குதிரைக்காகப் போடாதீர்கள்.

பம்ப்காரர்_கோவை:

தம்பி, பதில் நீளும். டீ ஏதாவது வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் கணபதி பக்கம் பம்ப் செட் பட்டறை வைத்திருப்பவன். 26 வருடமாக எனக்குச் சோறு போடுவது சக்ஷனும் (உறிஞ்சுவது) டெலிவரியும்தான் (தள்ளுவது). அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கார் தெரியவில்லை, கிணறுதான் தெரிந்தது. ஒரு விவசாயி வந்து, "5 ஹெச்பி மோட்டார் போட்டிருக்கேனுங்க, ஃபுட் வால்வைப் பெரிசாப் போட்டா 6 ஹெச்பி ஆயிருமுங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஃபுட் வால்வு என்பது கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கும் வால்வு. அதில் பாசி பிடித்து அடைத்திருந்தால் தண்ணீர் குறைந்திருக்கும். சுத்தம் செய்தால் குறைந்தது திரும்பி வரும். இல்லாதது எங்கிருந்து வரும்?

இஞ்சின் கொஞ்சம் வேறு சாதி, ஒத்துக்கொள்கிறேன். காற்று கூடுதலாகப் போனால் அதற்கேற்ற பெட்ரோலைச் சேர்த்து எரிக்கலாம், சக்தி கூடும். அது நிஜம். ஆனால் ஒரிஜினல் டப்பா எவ்வளவு காற்றை மறிக்கிறது? அதைக் கடைக்காரரிடம் ஏன் கேட்க வேண்டும்? அளந்துவிடலாம். நான் அளந்தேன்.

என்னுடையதும் அதே 1197 சிசி ஸ்விஃப்ட்தான். கம்பெனி சொல்வது 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், 83 பிஎஸ் (குதிரைத்திறன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்). நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவை உறிஞ்சும். ஆக நிமிடத்துக்கு 1.197 பெருக்கல் 3000, சுமார் 3,600 லிட்டர். சிலிண்டர் எப்போதும் வழிய வழிய நிறையாது, 85 சதவீதம் என்று வைத்தால் நொடிக்கு 50 லிட்டர் வரும். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேனில் இரண்டரை கேன் காற்று, ஒரே நொடியில். இந்தக் கணக்கைப் போட்டதும் எனக்கே சந்தேகம் வந்தது, அந்தத் தாள் ஃபில்டர் இதைத் தாங்குமா என்று.

உக்கடத்தில் பழைய சாமான் கடையில் இதே வண்டியின் ஃபில்டர் டப்பா மூடி ஒன்று 400 ரூபாய்க்குக் கிடைத்தது. ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் அதில் 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, டியூப் செருக ஒரு நிப்பிளை (சின்னக் குழாய் முனை) ஒட்டினேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே கண்ணாடி மாதிரி ஒரு டியூப், அதில் ஒரு முனையை நிப்பிளில் செருகி, பானெட் இடுக்கு வழியாக வண்டிக்குள் கொண்டுவந்தேன். உள்ளே ஒரு மரப் பட்டையில் யூ வடிவத்தில் வளைத்துக் கட்டி, பாதி வரைக்கும் தண்ணீர். தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று இரண்டு சொட்டு நீலம் விட்டேன். மறுமுனை திறந்தபடி. யூ குழாயின் ஒவ்வொரு கையும் அரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் இஞ்சின் நீலத் தண்ணீரைக் குடித்துவிடும். ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி அப்படியே விட்டுவிடுங்கள். மாற்றி மாற்றி ஏற்றி இறக்கினால் அளவு ஆடும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நீலாம்பூர் பைபாஸ். அக்கா பையன் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் குழாயையும் மீட்டரையும் சேர்த்துப் படம் எடுத்தான். இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 6000 தொடும்போது இரண்டு கைகளுக்கும் இடையே நீர்மட்ட வித்தியாசம் என்ன என்பதுதான் கணக்கு. காற்றை எவ்வளவு மறிக்கிறதோ அவ்வளவு வித்தியாசம். ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுத்தோம்.

புதுத் தாள் ஃபில்டர்: 12 சென்டிமீட்டர். 28,000 கிலோமீட்டர் ஓடிக் கறுத்துப்போன பழைய ஃபில்டர்: 17. ஃபில்டரையே எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மூடி ஓட்டியபோது: 8. (இது ஒரே ஒரு ஓட்டம்தான். இதை நீங்கள் செய்யாதீர்கள், நான் செய்ததே தப்பு.) பட்டறைக்கு வரும் ஒரு பையனிடம் கடன் வாங்கிய கோன் ஃபில்டர், அலுமினியக் குழாயிலேயே நிப்பிள் வைத்து: 4.

இப்போது இதைக் குதிரையாக மாற்றுவோம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் என்பது 1,033 சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். பம்ப்காரனுக்கு இது பாலபாடம். 10 மீட்டர் சொச்சத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீரை மேலே இருந்துகொண்டு எந்தப் பம்பாலும் உறிஞ்ச முடியாது என்பது இதனால்தான். 12 சென்டிமீட்டர் என்றால் அதில் ஒன்றே கால் சதவீதத்துக்கும் கீழே. மொத்த டப்பா, அதற்குக் காற்றைக் கொண்டுவரும் மூக்குக்குழாய், ஃபில்டர் எல்லாவற்றையும் மாயமாக்கி, இஞ்சின் வாயை வானத்துக்குத் திறந்து வைத்தாலும் கிடைக்கக்கூடியது அந்த ஒரு சதவீதச் சொச்சம், அதாவது ஒரு பிஎஸ். கோன் அதில் மூன்றில் இரண்டு பங்கை மீட்கிறது, முக்கால் பிஎஸ்கூட முழுசாக இல்லை. 10 பிஎஸ் கூட வேண்டுமென்றால் 12 சதவீதம் காற்று கூட வேண்டும். இல்லாத காற்றை அலுமினியக் குழாய் எங்கே போய் வாங்கி வரும்?

காட்டன் ஃபில்டருக்கும் விடை இதிலேயே இருக்கிறது. ஃபில்டர் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் 12-க்கும் 8-க்கும் நடுவில் 4 சென்டிமீட்டர். காட்டன் அதில் பாதியை மிச்சம் பிடித்தால்கூட 0.2 சதவீதம். ஐயாயிரம் ரூபாய்க்கு.

ஒரு சின்ன ஒப்பீடு. கோவை 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னை ஆள் வண்டியை ஓட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாலே காற்றழுத்தத்தில் 4 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. அதை யாராவது கவனித்துப் புலம்பியிருக்கிறார்களா? ஊட்டி ஏறினால் கிட்டத்தட்ட கால்வாசி அழுத்தம் காணாமல் போகும். குளிர் கொஞ்சம் ஈடு கட்டும், அவ்வளவுதான். அங்கே மூச்சு வாங்குவதை உணரலாம். 1 சதவீதத்தைக் காலால் உணர முடியாது, காதால்தான் உணர முடியும். அந்த டப்பாவும் அதோடு ஒட்டிய வெற்றுக் குடுவை மாதிரியான அறையும் உறிஞ்சும் சத்தத்தை அமுக்கத்தான் இருக்கின்றன. அதைக் கழற்றினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் வேகம் வந்த மாதிரி இருக்கும். சேலம் தம்பி அதை நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

இனி சூடு. எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஒரிஜினல் மூக்குக்குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டருக்கு மேலே, முன்பக்கத்தைப் பார்த்து இருக்கும், வெளிக்காற்றை எடுக்க. 'கோல்ட் ஏர்' என்று கடையில் விற்கிறார்களே, அது உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. கோன் போட்டால் அது இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பானெட்டுக்குள் வெந்த காற்றை இழுக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ப்ளூடூத் கருவியைச் செருகி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைச் செல்போனில் பார்த்தேன். அன்றைக்கு வெளியே 34 டிகிரி. அவிநாசி ரோடு சிக்னல் நெரிசலில் ஒரிஜினல் டப்பா 45 காட்டியது, கோன் 65. அழுத்தம் ஒன்றாக இருந்தால் இந்த 20 டிகிரிக்கே காற்றின் அடர்த்தி 6 சதவீதம் குறையும். பைபாஸில் காற்றடித்து ஓடும்போது ஒரிஜினல் 38, கோன் 46. அப்போதும் இரண்டரை சதவீதம் நஷ்டம். அழுத்தத்தில் 0.8 சம்பாதித்து, சூட்டில் இரண்டரை தொலைக்கிற வியாபாரம். போதாக்குறைக்கு, காற்று சூடானால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து இஞ்சின் தட்டுவது) வராமலிருக்க ஈசியூ, அதாவது இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், இக்னிஷன் டைமிங்கைப் (தீப்பொறி விழும் நேரம்) பின்னுக்கு இழுக்கும்; சக்தி குறையும். சிக்னலிலிருந்து கிளம்பும்போது கோன் வண்டி சோம்பலாக இருப்பது அதனால்தான்.

பம்பருக்கு முன்னால் வாயைத் திறந்து வைத்தால் காற்று தானே திணியுமே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 100 கிலோமீட்டர் வேகத்தில் அப்படித் திணிகிற அழுத்தம் நாலரை சென்டிமீட்டர் தண்ணீர். அரை சதவீதம்கூட இல்லை.

மைலேஜ் ஏறும் என்று சொன்னாரே, அதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குள் நீங்கள் ஆக்சிலரேட்டரைக் கால்வாசி மிதித்து ஓட்டுகிறீர்கள். அப்போது காற்றை மறிப்பது ஃபில்டர் இல்லை, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகடு. வாய்க்கால் மடையை முக்கால்வாசி அடைத்துவிட்டு மேலே இருக்கிற சல்லடையை மாற்றினால் வயலுக்குத் தண்ணீர் கூடுமா? எவ்வளவு காற்று வந்தாலும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கில் ஈசியூ சரிசெய்துகொள்ளும். 2009-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் வேண்டுமென்றே ஃபில்டரை அடைத்து ஓட்டிப் பார்த்தது. இஞ்செக்ஷன் வண்டிகளில் மைலேஜ் சொல்லும்படி மாறவில்லை, முழு மிதியில் வேகமெடுப்பது மட்டும் மந்தமானது. பழைய கார்புரேட்டர் வண்டிகள்தான் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் குடிக்கும். நம் அப்பா காலத்து அறிவுரை எல்லாம் அந்த அம்பாசடர் நாளிலிருந்து வருவது. அன்றைக்குச் சரி.

பந்தய வண்டிகளில் திறந்த ஃபில்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கும். அங்கே கேம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், ஈசியூ மேப் எல்லாம் மாற்றி 8000 வரை சுழற்றுவார்கள். உறிஞ்சும் காற்று கூடுகிறது, அதற்குப் பெரிய வாய் வேண்டும். 1,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் இஞ்சினைப் பிரித்துப் பார்க்கவும் ஆள் இருக்கும். உங்களுக்கும் எனக்கும் இருக்கிறதா?

தூசியைப் பற்றி ஒரு வரி. அந்தக் கடன் கோனை மூன்று வாரம் மாட்டி, பொள்ளாச்சி ரோட்டிலும் மதுக்கரை குவாரி லாரிகளுக்குப் பின்னாலும் ஓட்டினேன். கழற்றும்போது ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உள்பக்கத்தை வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தேன். செம்மண் நிறத்தில் ஒரு கோடு. ஒரிஜினல் டப்பாவில் அதே துணியின் மறுமுனை வெள்ளையாகவே வந்தது. எல்லாக் கோனும் அப்படி என்று சொல்ல மாட்டேன், அது மலிவான கோன். ஆனால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

டர்போ_நாமக்கல்:

அண்ணா, அருமை. ஆனால் இது எல்லாம் சாதா இஞ்சின் கணக்கு. என்னுடையது 1 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் திணிப்பது), பவர் கூட ஈசியூ புரோகிராமை மாற்றி ரீமேப் செய்திருக்கிறேன். எனக்கும் இதே பதில்தானா?

பம்ப்காரர்_கோவை:

இல்லைங்க, உங்களுக்குக் கொஞ்சம் மாறும். டர்போவுக்கு முன்னால் இழக்கும் அழுத்தம் டர்போவின் பெருக்கத்தோடு சேர்ந்து பெருகும். காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிற டர்போ என்றால் முன்னால் போன 15 சென்டிமீட்டர் பின்னால் 30 ஆகத் தெரியும். கம்பெனி மேப்பில் (ஈசியூ புரோகிராம்) இருக்கும்வரை ஈசியூ வேஸ்ட்கேட்டை, அதாவது டர்போவைத் தாண்டிப் புகையை வெளியே விடும் கதவை, இன்னும் கொஞ்சம் மூடி, டர்போவை வேகமாகச் சுற்றவிட்டு, குறிவைத்த பூஸ்ட்டை (திணிக்கும் அழுத்தம்) பிடித்துவிடும். ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. ரீமேப்பில் டர்போவை அதன் எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டும்போது பெரிய வாய் உதவும். அப்போதும் மூடிய டப்பாவாக, வெளிக்காற்றை எடுப்பதாகப் பாருங்கள். முதலில் டியூப் வைத்து அளந்துவிடுங்கள், உங்கள் வண்டியில் எனக்கு அளவு தெரியாது.

வேளச்சேரி_வாசி:

சூட்டைப் பற்றி அண்ணன் சொன்னதைக் கேட்டு யாரும் என்னைப் போல மறுகோடிக்குப் போய்விடாதீர்கள். கோன் சூடான காற்றை இழுக்கிறது என்று தெரிந்து, நீளக் குழாய் வாங்கி, ஃபில்டரைப் பம்பருக்குப் பின்னால் ஃபாக் லேம்ப் உயரத்துக்கு இறக்கினேன். வெப்பநிலை நன்றாகவே குறைந்தது, பெருமையாகப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் தண்ணீர். முன்னால் போன சாதா வண்டிகள் எல்லாம் மெதுவாகப் போய்விட்டன. என்னுடையது ஒரு தடவை 'டக்' என்றது, நின்றுவிட்டது.

தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு இரண்டு வளைந்திருந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தது அடுத்த முட்டாள்தனம், சாவியைத் தொடாமல் இழுத்துக்கொண்டு போயிருந்தால் சேதம் குறைந்திருக்கலாம் என்றார் மெக்கானிக். இன்சூரன்ஸில் இஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் சொல்லாமல் மாற்றிய குழாயைப் பார்த்துவிட்டு என்ன சொல்லியிருப்பார்களோ. செலவு ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம்.

இப்போது ஒரிஜினல் டப்பாதான். குழாய் மாடியில் கிடக்கிறது, பையன் அதில் கிரிக்கெட் பந்தை உருட்டி விளையாடுகிறான்.

திருப்பூர்_ஸ்விஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பம்ப்காரர் அண்ணன் சொன்னபடி செய்தேன். நிப்பிள் ஒட்டுவதற்காக டப்பாவைத் திறந்தவுடனேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஃபில்டர் மேல் பஞ்சு. சும்மா தூசி இல்லை, மெத்தைக்குப் போடலாம் போல ஒரு படுகை. வண்டி தினமும் கம்பெனி ஷெட்டில் நிட்டிங் மெஷின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு எதிரிலேயே நிற்கும், அங்கிருந்து பறக்கிற பஞ்சுத் தூசி எல்லாம் உள்ளே போயிருக்கிறது. முன் ஓனரும் மாற்றவில்லை, நானும் திறக்கவில்லை. சர்வீஸ் பில்லில் 'ஏர் ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது' என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறது. யார் சுத்தம் செய்தார்களோ.

அப்படியே மூடி அளந்தேன். 31 சென்டிமீட்டர். பயந்துபோய் மறுபடி அளந்தேன், 30. புதுத் தாள் ஃபில்டர் 380 ரூபாய்க்கு வாங்கிப் போட்டு அளந்தால் 13. அண்ணன் கணக்குப்படி பார்த்தால் ஒன்றே முக்கால் சதவீதம் திரும்பி வந்திருக்கிறது. கடைக்காரர் சொன்ன 10 குதிரை இல்லை, ஒன்றரைக் குதிரை. ஆனால் அது என்னுடைய குதிரைதான், நடுவில் எங்கோ கட்டிப் போட்டிருந்தது.

மேம்பாலத்தில் இன்னும் மூச்சு வாங்குகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் டயரில் காற்று 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தது, அதையும் சரிசெய்தேன், அதற்குப் பிறகு ஏறுவதில் வித்தியாசம் தெரிகிறது. நாலு பேரோடு ஏறும்போது மூன்றாம் கியருக்கு இறக்குவதற்கு இவ்வளவு நாள் சோம்பல்பட்டதும் ஒரு காரணம். வண்டியை இப்போது ஷெட்டின் மறுபக்கம், வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். காக்கா எச்சம் விழுகிறது, பரவாயில்லை.

ஒரே ஒரு சிக்கல். டியூபைப் பக்கத்துக் கட்டடத்துக் கொத்தனாரிடம் இரவல் வாங்கியிருந்தேன். திருப்பிக் கொடுத்தபோது வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே ஏன் சாமி நீலமா இருக்கு?" என்று கேட்டார். காரின் மூச்சை அளந்தேன் என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பம்ப்காரர்_கோவை:

சோப்புத் தண்ணீர் விட்டு இரண்டு தடவை அலசினால் போய்விடும் தம்பி. அந்த 31-ஐப் படம் எடுத்து வைத்திருந்தால் இங்கே போடுங்கள், பட்டறையில் மாட்டி வைக்கிறேன்.